எட்டாம் வகுப்பில் தொடங்கும் வேலை: சேலத்துப் பிள்ளைகளும் திறனறித் தேர்வுகளும்

ஒரு ஜூன் மாதம், நீட் ரிசல்ட் வந்த மறுநாள் காலை. அம்மாப்பேட்டையில் என் வீட்டு வாசலில் பக்கத்துத் தெருத் தறிக்காரர் ஒருவர் மகனோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். அப்பா உட்கார்ந்தார், பையன் நின்றுகொண்டே இருந்தான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். பொதுப் போட்டிக்குப் போதாத மதிப்பெண்தான். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தைரியமாக விண்ணப்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "எட்டாவது வரைக்கும் எங்கப்பா படிச்சே?" என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியின் பெயரைச் சொன்னான். ஒன்பதாவதிலிருந்துதான் அரசு மேல்நிலைப் பள்ளி.

என் முகம் மாறியதை அப்பா பார்த்துவிட்டார். "அதுவும் கவருமெண்டு ஸ்கூலு மாதிரிதானுங்களே டீச்சர்? வாத்தியாருங்களுக்குச் சம்பளமே கவருமெண்டுதானுங்களே குடுக்குது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சம்பளம் அரசுடையது, பாடப்புத்தகம் அரசுடையது, மதியச் சாப்பாடும் அரசுடையது. ஆனால் 2020இல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அதில் சேரும். உதவி பெறும் பள்ளி சேராது. ஏழு வருஷத்துக்கு முன், "அந்தப் பள்ளிக்கூடம்னா புள்ள ரோடு தாண்டாம போயிட்டு வந்துரும்" என்று அவன் பாட்டி சொல்லியிருக்கிறார். அந்த அக்கறைதான் அவனை அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

நான் அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது சாயங்காலம் வீட்டு மாடியில் எட்டாவது, பத்தாவது பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைக்குப் போய் ஒரு கிராமத்தின் சமுதாயக் கூடத்தில் உட்காருகிறேன். பணியில் இருந்தவரை, தேர்வுக்குத் தயார் செய்வது என்றால் நிறையக் கணக்குப் போட வைப்பது என்றே நினைத்திருந்தேன். இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது. நம் பக்கத்து ஏழைப் பிள்ளைகளில் பலர் தேர்வு அறைக்குள் நுழையும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். எந்த வகுப்பில் எந்தத் தேர்வு, எந்தப் பள்ளிப் பிள்ளைக்கு எது பொருந்தும், எந்தச் சான்றிதழ் எப்போது கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

தெரியாமல் போவதற்குக் காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு திட்டமும் தன் எல்லைக் கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறது. மருத்துவத்துக்கான 7.5 விழுக்காட்டில் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு இடமில்லை. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தபோது அதே கோடுதான். ஆனால் எட்டாம் வகுப்பு தேசியத் திறனறித் தேர்வை உதவி பெறும் பள்ளிப் பிள்ளையும் எழுதலாம். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களிலும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இடமுண்டு. இன்னொரு நுணுக்கம்: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு உண்டு. தறி ஓட்டுகிற ஒருவர் இத்தனையையும் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பள்ளிக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கையின் போதே சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் தேர்வுகளில் மிக முக்கியமானது எட்டாம் வகுப்பில் வருவதுதான். என்.எம்.எம்.எஸ். என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது முழுப் பெயர். 2008இல் மத்திய அரசு கொண்டுவந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை 6,695.

பணம் பெரிய விஷயம்தான். பிளஸ் ஒன்னில் "படிச்சது போதும், பட்டறைக்கு வா" என்ற பேச்சு வீட்டில் எழும்போது, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கில் பணம் வருகிறது என்ற ஒன்று அந்தப் பேச்சை நிறுத்திவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரியது இன்னொன்று. அந்த வயதில் முதல்முறையாக ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ய முடியாத வினாத்தாளின் முன் உட்காருகிறது.

தேர்வில் இரண்டு தாள். படிப்புத் திறன் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20 என 90 கேள்விகள். எல்லாம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடம். மற்றொன்று மனத்திறன் தாள். அதிலும் 90 கேள்விகள், 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இரண்டு தாளிலும் சேர்த்து 40 விழுக்காடு எடுத்தால்தான் தகுதி. பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32. மனத்திறன் தாளுக்கு என்று பாடப்புத்தகம் எதுவும் இல்லாததால் பல பள்ளிகளில் அதை யாரும் தொடுவதில்லை. "அது அறிவு இருக்கற புள்ளைங்க தானா போட்டுரும்" என்று விட்டுவிடுகிறார்கள். இதைப் போலத் தவறான எண்ணம் வேறில்லை. மனத்திறன் பழக்கத்தில் வருவது.

போன வருஷம் என்னிடம் வந்த ஒரு சிறுமியைச் சொல்கிறேன். அம்மா கொலுசுப் பட்டறையிலிருந்து வேலை வாங்கி வந்து வீட்டில் செய்கிறவர். முதல் நாள் 3, 5, 9, 17, 33 என்று எழுதி அடுத்த எண்ணைக் கேட்டேன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் ஒற்றைப்படை எண் என்றாள். சரி என்றேன். பெருக்கல் வாய்பாட்டில் தேடினாள், கிடைக்கவில்லை. "ரெண்டு எண்ணுக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு கீழே எழுதிப் பாரு" என்று மட்டும் சொன்னேன். 2, 4, 8, 16 என்று எழுதினாள். பென்சில் அப்படியே நின்றது. "இரட்டிச்சுக்கிட்டே போவுது டீச்சர்!" 33 கூட்டல் 32, 65. அதோடு விடவில்லை, இன்னொரு வழியும் அவளே கண்டுபிடித்தாள்: ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அடுத்தது வருகிறது. அரை மணி நேரம் எடுத்த அந்தக் கணக்கு, இரண்டு மாதம் கழித்து அவளுக்கு இருபது வினாடி. எண் தொடர் வந்தால் முதலில் வித்தியாசம் பார், வித்தியாசத்தில் ஒழுங்கு இல்லாவிட்டால் பெருக்கிப் பார், அதுவும் இல்லாவிட்டால் வர்க்க எண், கன எண் பக்கம் போ என்று கை தானாகப் போகப் பழகியிருந்தது.

திசைக் கணக்கும் அப்படித்தான். ஒருவர் தெற்கே 6 கி.மீ. நடந்து, கிழக்கே திரும்பி 8 கி.மீ. நடந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம்? மனதுக்குள் போடுகிற பிள்ளைகள் 14 என்று எழுதிவிடுவார்கள். மாடித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் நடந்து பார்க்கச் சொல்வேன். நடந்து முடித்ததும் முக்கோணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிதாகரஸ் தேற்றம் எட்டாவது பாடத்திலேயே இருக்கிறது; 10 என்று சொல்லிவிடுவார்கள். பாடத்தில் படித்தது இங்கே உதவும் என்பதே பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

இன்னொரு சங்கதி, கேட்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். ஓ.எம்.ஆர். தாள். பேனாவால் வட்டத்தைக் கருமையாக்க வேண்டும், அழிக்க முடியாது. கெட்டிக்காரப் பையன் ஒருவன் 23ஆம் கேள்விக்கு விடை தெரியாமல் விட்டுவிட்டு, 24இன் விடையை 23இன் வரிசையில் கருமையாக்கிவிட்டான். 60க்கு மேல் போன பிறகுதான் கண்டுபிடித்தான். அத்தனையும் ஒரு படி மேலே ஏறிப் போயிருந்தது. அவன் வெளியே வந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நவம்பர் மாதமே மாதிரித் தாளை நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பத்துக் கேள்விக்கு ஒருமுறை கேள்வி எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் விரலால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் மாடியில் சட்டம். குறைப்பு மதிப்பெண் இல்லாத தேர்வு என்பதால் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

தேர்வான பிறகும் விழிப்பாக இருக்க வேண்டும். பிள்ளை தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. பத்தாவது முடிந்ததும் "ரிசல்ட் தர்ற பள்ளிக்கூடம்" என்று கடன் வாங்கிப் பிள்ளையைத் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். சேர்த்த அன்றைக்கே மாதம் 1,000 ரூபாயும், 7.5 விழுக்காடும், கல்லூரியில் வரவேண்டிய 1,000 ரூபாயும் ஒன்றாகப் போய்விடுகின்றன. அதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் அது அவர்கள் முடிவு. கணக்குப் பார்க்காமல் சேர்ப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராம ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1,000 ரூபாய். வருமான வரம்பு 1 லட்சம். காலத்துக்கு ஒவ்வாத சிறிய தொகை, உயர்த்தியாக வேண்டும். ஆனாலும் எழுத வைக்கச் சொல்வேன், பயிற்சிக்காக. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்நாடு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய். பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரும்பிப் படித்த பிள்ளைக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தேர்வு. ஆறாம் வகுப்பில் சேரும் வயதுக்கு உடுமலைப் பக்கம் அமராவதி நகர் சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வு இருக்கிறது. நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் கிடையாது. வட மாநிலத்து யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு அதற்கு விண்ணப்பம் கேட்டு வருகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கே 1917இலிருந்து மான்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே மலையில் வேறு வாழ்க்கை. பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். என்.எம்.எம்.எஸ். தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் பயிற்சி எடுக்க வேண்டிய மாதங்களும் அவையேதான். அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டால் எட்டாவது படிக்கும் அக்காதான் தம்பி தங்கைக்குச் சோறு போட வேண்டும். கீழே நகரத்துப் பிள்ளைக்குப் போட்ட அட்டவணையை அப்படியே மேலே கொண்டுபோனால் ஒரு வாரம்கூடத் தாங்காது. முதல் வருஷம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. நவம்பர் மூன்றாம் ஞாயிறு நான் போனபோது சமுதாயக் கூடத்தில் இருந்தது இரண்டே பிள்ளைகள். அடுத்த வருஷத்திலிருந்து ஜூலையிலேயே மனத்திறன் தாளைத் தொடங்கிவிட்டேன். பறிப்புக் காலத்தில் புதிதாக எதுவும் நடத்துவதில்லை. ஒரு தாளில் பத்துக் கேள்வி எழுதிக் கொடுத்துவிடுவேன். எப்போது முடிகிறதோ அப்போது போட்டு வைப்பார்கள்.

மலைப் பிள்ளைகளுக்குத் தேர்வை விடப் பெரிய தடை சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. பிற வகுப்பினருக்கு வட்டாட்சியர் அளவிலேயே சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். விசாரணை உண்டு, அலைச்சல் உண்டு, ஒரு நாள் கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போகும். பிளஸ் டூ முடித்த மே மாதத்தில் இதைத் தொடங்கினால் கலந்தாய்வு முடிந்துவிடும். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழ் என்பதால் பிள்ளை ஐந்தாவது படிக்கும்போதே விண்ணப்பித்துவிடச் சொல்கிறேன். ஐந்தாவதில் கையில் சான்றிதழ் இருந்தால் பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தேர்வையும் எழுதலாம். நம் மாவட்டத்தில் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் அபிநவத்தில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது.

இனி பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்புக் கணக்கில் 100 மதிப்பெண் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் கேள்வி 10, ஐந்து மதிப்பெண் கேள்வி 10, எட்டு மதிப்பெண் கேள்வி 2. அந்த எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும்தான். அதனால் "மெல்லக் கற்போர்" என்று பள்ளியில் பிரித்து வைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் கவராயத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். வடிவியல், வரைபடம் 16, புக் பேக் ஒன் வேர்டு ஒரு பத்து, நாலைந்து இரண்டு மதிப்பெண், 35 வந்துவிடும். நானும் இப்படி நிறையப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறேன், அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. பத்தாவதில் தோற்று நின்றுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதே வழியில் 70, 80 எடுத்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவில் உட்கார வைத்தால் முதல் இடைப்பருவத் தேர்விலேயே மூச்சுத் திணறிவிடும். மதிப்பெண் எதிலிருந்து வந்தது என்று விடைத்தாளை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொதுத்தேர்வில் 15 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்; 10 நிமிடம் வினாத்தாள் படிக்க, 5 நிமிடம் விவரம் சரிபார்க்க. அந்த 10 நிமிடத்தில் கட்டாய வினாவைத்தான் முதலில் தேடிப் படிக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பயம் அதில்தான். அறிவியல் கணக்குகளில் சூத்திரத்தை ஒரு வரியில், மதிப்புகளைப் பிரதியிட்டது அடுத்த வரியில், விடை அலகோடு மூன்றாம் வரியில். விடை தப்பானாலும் மேலே எழுதிய வரிகளுக்கு மதிப்பெண் உண்டு. விடை சரியாக இருந்தும் ஓம் என்ற அலகை விட்டதால் அரை மதிப்பெண் போகும்.

பொறியியல் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். 1984 முதல் இருந்த மாநில நுழைவுத் தேர்வு, நகரத்தில் பயிற்சிக்குப் போக முடிந்தவர்களுக்கே கைகொடுக்கிறது என்ற குறை நெடுநாள் இருந்தது. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006இல் சட்டம் வந்து அந்தத் தேர்வு நின்றது. அதன் பின் கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணக்கு 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 எடுத்த பிள்ளைக்கு 92, 42, 45 சேர்ந்து 179. கணக்கில் இன்னும் 4 எடுத்திருந்தால் 183, இயற்பியலில் அதே 4 எடுத்திருந்தால் 181. கடைசி ஒரு மாதம் எந்தப் பாடத்தில் உட்கார வேண்டும் என்று இந்தச் சின்னக் கணக்கே சொல்லிவிடும். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு அரை மதிப்பெண்ணில் எத்தனையோ பேர் முன்னும் பின்னும் ஆவார்கள்.

நுழைவுத் தேர்வு போனதில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய நன்மை. கூடவே ஒரு கேடும் வளர்ந்தது. 1997 வரை சேலம் மாவட்டமாக இருந்த நாமக்கல் பகுதியிலும் நம் பகுதியிலும் பெருகிய விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். 1200க்கு 1180, 1190 என்று விளம்பரப் பலகைகள் நின்றன. 2017இல் மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்தன: மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், 1200ஐ 600 ஆக்கினார்கள், பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். நீட் தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்பதால், ஒரு வருஷப் பாடத்தைத் தாண்டி வந்த பிள்ளைகள் அங்கே வெறுங்கையோடு நின்றார்கள்.

அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025இல் அரசு கைவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் களைப்பை நான் பார்த்தவள். இந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. பயமும் இருக்கிறது. பழைய வழக்கம் திரும்பினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பெற்றோரால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு: பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து இயற்பியல் நோட்டைத் திறந்து பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அட்டையில் பதினொன்றாம் வகுப்பு என்றிருக்கும் புத்தகத்தின் முதல் பாடத் தலைப்பும் நோட்டின் முதல் தலைப்பும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

தமிழ் வழிப் பிள்ளைகள் நீட் எழுதும்போது இன்னொரு சிக்கல். தமிழிலும் வினாத்தாள் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழில் சிந்திக்கிற பிள்ளைக்கு ஆங்கிலக் கலைச்சொல்லும் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். திசைவேகம் என்று படிக்கும்போதே வெலாசிட்டி, முடுக்கம் எனும்போதே ஆக்சிலரேஷன், உந்தம் எனும்போதே மொமெண்டம். எங்கள் மாடியில் ஒன்பதாவதிலிருந்தே நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதி வருகிறார்கள். நாளைக்கு மூன்று சொல். வினாத்தாளின் ஆங்கிலப் பக்கத்தை முழுக்கப் படிக்கத் தேவையில்லை, ஐயம் வந்த இடத்தில் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தால் போதும்.

கடைசியாகக் காகிதங்கள். ஆதார் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், எமிஸ் என்ற பள்ளி மாணவர் விவரப் பதிவில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. காவியா என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்த ஒரு பிள்ளைக்கு உதவித்தொகை எட்டு மாதம் வரவில்லை. எட்டாவதில் இதைத் திருத்துவது எளிது. பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரத்தில் போடுகிற கையெழுத்து அது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு திருத்த அலையோ அலை என்று அலைய வேண்டும். அந்த ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டாவது பெற்றோரில் ஒருவர் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ், பொறியியல் கட்டணச் சலுகைக்கு. வருமானச் சான்று பழையதாகிவிடும், புதிதாக வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய வினாத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்தில் இருக்கின்றன, பாடப்புத்தகமும் இணையத்தில் இலவசம். கைடு வாங்கும் காசை மிச்சப்படுத்தி அந்த வினாத்தாள்களை நகல் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தறிக்காரரின் மகன் இப்போது சேலத்திலேயே அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கிறான். தமிழ்ப் புதல்வன் பணம் மாதாமாதம் வருகிறது. சனிக்கிழமை மாடிக்கு வந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறான். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறான்.

போன ஏப்ரலில் அவன் அப்பா மறுபடி வந்தார். கடைக்குட்டிப் பெண் ஐந்தாவது முடிக்கிறாள். பையில் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் மூன்றும் இருந்தன. மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்களா என்று நான் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "ஆறாவதுக்குப் பாப்பாவ எங்கீங்க டீச்சர் சேக்கறது? ரோடு தாண்டித்தான் போவோணும்னாலும் நான் கொண்டுபோயி உட்டுட்டு வந்துர்றேனுங்க."